நாலாவது கப்பல்

சூலூரிலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள், மாடி அறையில் இருந்த பாய்மரக் கப்பலைக் கண்டதும் நின்றுவிட்டார்கள்.

"எங்க நவநீதன் செஞ்சதுங்க," என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "ஈர்க்குச்சி கனத்துல பலகை. சுடுதண்ணியில ஊறவெச்சு, ஒண்ணொண்ணா வளைச்சு ஒட்டோணும். ஒரு வருசம் ஆச்சுங்க."

பெண்ணின் அப்பா சுக்கானை விரலால் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பொறுமை யாருக்குங்க வரும்? எங்க அம்மணியும் இப்படித்தான். பாசிமணி கோக்க உக்காந்தா எந்திரிக்கவே மாட்டா."

பெரியவர்கள் காபி குடிக்கக் கீழே இறங்கினார்கள். பெண் சண்முகப்பிரியா மட்டும் கப்பலருகே நின்றாள். நவநீதன் பக்கத்தில் வந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"எந்த டாக்டருங்க செய்யச் சொன்னாரு?"

அவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கோவம் குறையட்டும்னு எனக்குப் பாசிமணி கோக்கச் சொன்னாங்க," என்றாள். "ரெண்டு தடவை அறுத்து வீசிப்போட்டேன்."

அவனுக்கு மூச்சு வந்தது. "இது நாலாவது கப்பலுங்க. முந்தின மூணையும் மிதிச்சு ஒடைச்சுப்போட்டேன்."

கீழே ஹாலில் அவள் அப்பாவின் குரல் கேட்டது.

"ஜாதகம் எதுக்குங்க? ரெண்டு பேருக்கும் குணம் அப்படியே பொருந்துது."