பெயர் விழுந்த படங்கள்

திரையைப் பார்த்ததும் அவன் கை மவுஸிலேயே உறைந்தது.

பூவிழி 1. பூவிழி 2. பூவிழி 3.

கேமரா கார்டிலிருந்து படங்கள் கணினிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. காலையில் கோபியில் எடுத்த கல்யாணப் படங்கள். மாப்பிள்ளை மாலையோடு நிற்கிறான். பெண்ணின் தாய்மாமன் சிரிக்கிறார். ஒவ்வொரு படத்தின் கீழும் அதே பெயர்.

புரொஃபைலை மாற்ற மறந்துவிட்டான்.

படம் இறக்கும் மென்பொருளில் கல்யாணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, கோயில் விசேஷத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகச் சேமித்து வைத்திருந்தான். படங்கள் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும், என்ன பெயர் விழ வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். அப்புறம் வேண்டியதைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. தேர்ந்தெடுக்காவிட்டால், கடைசியாக வைத்த புரொஃபைலிலேயே அது ஓடும்.

கடைசியாக வைத்தது, மனைவி கோகிலாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முந்தைய நாள். ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்து, புதிதாக ஒன்று செய்து சேமித்தான்.

அதற்குப் பிறகு கணினியைத் தொடவே இல்லை.

ஆஸ்பத்திரிக்குக் கேமராவை எடுத்துப் போயிருந்தான். பையிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

குழந்தை பிறந்த அன்று சாயங்காலம் வரைதான் இருந்தாள்.

கோகிலா அவனுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை என்று கூடவே வந்திருந்தாள். அவள் பார்ப்பதற்குள் நிறுத்திவிட நினைத்தான்.

"நிறுத்தாதீங்க."

எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. அவன் தோளருகே நின்றிருந்தாள்.

அந்தப் பெயருக்குத்தான் அவ்வளவு சண்டை. பெண்ணாகப் பிறந்தால் பூவிழி என்றாள் அவள். அவன் தன் அம்மாவின் பெயரை விடவில்லை. ருக்மணி. ஏழாம் மாதத்தில் ஆரம்பித்த பேச்சு, வலி எடுக்கும்வரை முடியவில்லை. குழந்தையின் கையில் கட்டிய பட்டையில்கூட 'கோகிலாவின் பெண் குழந்தை' என்றுதான் எழுதியிருந்தார்கள்.

"எப்பப் போட்டீங்க இதை?"

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு." மவுஸிலிருந்து கையை எடுத்தான். "பாப்பாவோட மொதப் படத்தை இதுல இறக்கி, பேரோட உங்கிட்ட காட்டலாம்னு இருந்தேன்."

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யார் வீட்டுக் கல்யாணமோ. தாலி ஏறுகிறது. பந்தியில் இலை போடுகிறார்கள். ஒரு கிழவர் பாக்கு மெல்கிறார்.

பூவிழி. பூவிழி. பூவிழி.

"என்ற கையில குடுத்தாங்கள்ல, அப்ப என்னன்னு கூப்பிடறதுன்னே தெரியலீங்க. கண்ணு, கண்ணுன்னே சொல்லிட்டிருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பேனுங்க."

கடைசிப் படமும் இறங்கி முடிந்தது.

பெண் வீட்டார் சாயங்காலம் வருவார்கள். அவன் புரொஃபைல் பட்டியலைத் திறந்தான். 'கல்யாணம்' என்பதைத் தேர்ந்தெடுத்தான். கார்டை எடுத்து மறுபடி செருகினான். எல்லாம் முதலிலிருந்து இறங்கத் தொடங்கின. மாப்பிள்ளை மறுபடி வந்து நின்றான்.

அவள் ஸ்டூலுக்குத் திரும்பிப் போகவில்லை.

"பூவிழி" என்றாள்.

பக்கத்து அறையில் தூங்குகிற பிள்ளையை எழுப்புவதுபோல, மெல்ல.

சற்றுப் பொறுத்தாள்.

மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை கொஞ்சம் சத்தமாக.