ட்ரெவர் தந்த பிறந்தநாள் பரிசு

இங்கிலாந்தின் பார்ன்ஸ்லி நகரத்து மதிய மழை ஜன்னலில் வழிகிறது. கால்பந்து அணியை மேலாளராக நடத்தும் கணினி விளையாட்டுதான். ஆனாலும் இன்று கோப்பை இறுதிப்போட்டி என்பதால், நெவிலும் ட்ரெவரும் வழக்கம்போலக் கோட்டும் டையும் அணிந்து, சாப்பாட்டு மேசையின் இரு பக்கமும் மடிக்கணினிகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். நெவிலின் அணி ஒரு கோல் முன்னிலை. எண்பதாவது நிமிடத்தில் அவன் பத்துப் பேரையும் கோல் வாசலுக்கு இழுத்துக் குவிக்கிறான். நேரத்தைக் கடத்தச் சொல்கிறான்.

"கதவைப் பூட்டியாச்சாடா?" என்கிறான் ட்ரெவர்.

"என் நாப்பதாவது பொறந்தநாளுக்கு நீ பரிசா சொல்லிக்குடுத்த வித்தைடா. மூணு வருஷமா ஒரு தடவகூட கைவிடல."

ட்ரெவர் டையைத் தளர்த்திவிட்டு எதையோ ஒருமுறை சொடுக்குகிறான். அவனது சிவப்புச் சட்டைக்காரர்கள் இரு ஓரங்களிலும் விரிகிறார்கள். பந்து உயர்ந்து வருகிறது. கோல். மூச்சுவிடுவதற்குள் இன்னொன்று. விசில். டீயில் ஊறிய பிஸ்கட் நெவிலின் விரலிலிருந்து உடைந்து விழுகிறது.

"எப்படிடா?"

"சும்மா, இப்போ தோணிச்சு." ட்ரெவர் சிரித்துக்கொண்டே கழிவறைக்குப் போகிறான்.

நெவில் மேசையைச் சுற்றி வந்து ட்ரெவரின் திரையைப் பார்க்கிறான். சற்றுமுன் ட்ரெவர் சொடுக்கிய வியூகத்தின் பெயர் 'நெவிலுக்கு'. அதைச் சேமித்த தேதி, நெவிலின் நாற்பதாவது பிறந்தநாள்.