இடது காலுக்கு வேலை இல்லை

"ஏம்மா, நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டிய வித்துட்டு இதை எதுக்கு வாங்குனீக?"

கேட்டுக்கொண்டே ஒச்சாண்டி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். முழங்காலுக்குக் கீழே அது செயற்கைக் கால்.

பக்கத்து இருக்கையில் அனுசுயா சீட் பெல்ட்டை மாட்டினாள்.

"பழைய வண்டியில கிளட்ச் இருந்துச்சுல்லண்ணே. அதை நீங்க எப்படி ஓட்டுவீக?"

"அதைத்தான் கேக்குறேன். கிளட்ச் மிதிக்கிற டிரைவரு கம்பத்துல நூறு பேரு கிடைப்பாக."

"எனக்கு நீங்கதான் வேணும். எடுங்கண்ணே."

அனுசுயா கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்பவள். வாரம் ஒருமுறை கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் சரக்குப் பார்த்து வர வேண்டும். ஊருக்குள் கார் ஓட்டுவாள். மலையில் மட்டும் ஓட்டுவதில்லை. போன மாதம் ஒச்சாண்டி அவள் வீட்டுக்கு வந்து, டிரைவர் வேலை இருக்கிறதா என்று கேட்டார். பெயரைச் சொன்னதும் அனுசுயா அவருடைய இடது காலைப் பார்த்தாள். பிறகு, "அடுத்த மாசம் வாங்க" என்றாள்.

தட்டிக்கழிக்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அந்த ஒரு மாதத்தில் அவள் சின்னக் காரை விற்று, கிளட்ச் இல்லாத இந்தக் காரை வாங்கினாள். அவரைக் கூட்டிக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்து, லைசென்ஸில் வேண்டிய மாற்றத்தையும் செய்துகொடுத்தாள்.

கார் ஊரைத் தாண்டி மலையேறத் தொடங்கியது. பின்சீட்டில் அனுசுயாவின் ஒன்பது வயது மகள் மகா, வளைவுகளில் வாந்தி வரும் என்று முன்கூட்டியே கண்ணை மூடிப் படுத்து, அப்படியே தூங்கிவிட்டாள்.

முதல் கொண்டையூசி வளைவில் வண்டி கொஞ்சம் திணறியது. ஒச்சாண்டியின் இடது தொடை தானாக அசைந்து, இல்லாத கிளட்சைத் தேடியது.

"ஸ்டீயரிங்குக்குப் பின்னால இடது பக்கம் மைனஸ் போட்டிருக்கு பாருங்க. விரலால லேசா இழுங்க."

இழுத்தார். கியர் ஒன்று இறங்கியது. என்ஜின் உறுமி, வண்டியை வளைவுக்கு மேல் தூக்கிக்கொண்டு போனது.

"ஆத்தாடி! காலு செய்ற வேலைய விரலு செய்யுதே!"

மூன்றாவது வளைவில் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மைனஸை இழுத்து வளைவில் ஏறினார், வலது பக்கத்துப் பிளஸை இழுத்து நேர்ப்பாதையில் விட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அஞ்சு வருசமா டீக்கடையில கிளாஸ் கழுவிக்கிட்டு இருந்தேம்மா. இனிமே ஸ்டீயரிங்கத் தொடுவோம்னு கனவுலகூட நினைக்கல. எங்க வீட்டுக்காரி நேத்து வீரபாண்டி கோயிலுக்குப் போயி, உங்க பேருக்கு அர்ச்சனை செஞ்சுட்டு வந்தா. நீங்க நல்லா இருக்கணும்மா."

அனுசுயா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வளைவு தாண்டியதும், "இங்கன ஓரமா நிறுத்துங்கண்ணே" என்றாள்.

நிறுத்தினார். கீழே வெகு ஆழத்தில் திராட்சைத் தோட்டங்கள் தெரிந்தன.

"எனக்கு நன்றி சொல்லாதீகண்ணே. நான் அதுக்கு ஆள் இல்ல." அவள் பின்னால் வளைவைக் கை காட்டினாள். "இந்த வளைவுலதான உங்க ஜீப்பு பாறையில மோதுச்சு?"

"ஆமா."

"ஏறி வந்த சின்னக் காரு ஒண்ணு நடுரோட்டுல ஆஃப் ஆகி நின்னுச்சுல்ல? கிளட்சும் கியரும் குழம்பிப்போயி அதை நிறுத்துனவ நான்தான். எங்க மேல மோதக் கூடாதுன்னுதான நீங்க பாறையில விட்டீக? பின்னால வந்த லாரிக்காரங்க உங்களத் தூக்குறதப் பாத்துட்டு, பயந்துபோயி காரை எடுத்துக்கிட்டு ஓடிட்டேண்ணே. பேப்பர்ல பேரைப் பாத்தேன். ஆனாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு நாள்கூட வரல."

ஒச்சாண்டி கண்ணாடியில், பின்னால் தூங்கும் மகாவைப் பார்த்தார்.

"தெரியும்மா."

அனுசுயா திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"அந்தக் காரு நம்பரு மறக்கவே இல்ல. போன மாசம் உத்தமபாளையத்துல பாத்தேன். நீங்க மட்டும் தனியா இறங்குனீக. விசாரிச்சுக்கிட்டுதான் உங்க வீட்டுக்கு வந்தேன்."

"அப்படின்னா ஏண்ணே என்னைய ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கத்தாம்மா வந்தேன். அன்னைக்கு உங்க காரு கண்ணாடியில ஒரு சின்னப் பிள்ளை முகம் தெரிஞ்சுச்சு. அதைப் பாத்துத்தான் ஸ்டீயரிங்க ஒடிச்சேன். கண்ணு முழிச்சப்போ ஆஸ்பத்திரியில கிடந்தேன். சேத்துவிட்டவுக போயிட்டாக. அந்தப் பிள்ளை தப்பிச்சுச்சா, நான் இடிச்சுட்டேனான்னு யாருக்கும் சொல்லத் தெரியல. காலு போனதுகூடப் பழகிருச்சு. அந்த முகம் மட்டும் அஞ்சு வருசமா என்னையத் தூங்க விடல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உங்க வீட்டுக் கதவத் தட்டுனேன். பாப்பாதான் வந்து திறந்து, ‘யாரு வேணும் மாமா?’ன்னு கேட்டுச்சு. அதுக்கு மேல என்ன கேக்குறதுன்னு தெரியாமத்தாம்மா, டிரைவர் வேலை இருக்கான்னு கேட்டேன்."