கீழ்த்தட்டுத் திரி

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில், ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவ மடம் இருக்கிறது. நாடிழந்து வந்த ரஷ்யர்கள் கட்டியது. மெழுகுதிரி ஏற்றுவதற்கு அங்கே மணல் நிரப்பிய இரண்டு தட்டுகள் உண்டு. மேல்தட்டு உயிரோடிருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

திலகவதியும் கணவர் வாமதேவனும் அங்கே துப்புரவு வேலை செய்கிறார்கள். முள்ளிவாய்க்காலில் காணாமற்போன மகனுக்காக, 2009இலிருந்து அவள் மேல்தட்டில்தான் திரி ஏற்றுகிறாள்.

“இனியாவது கீழை வையுமப்பா. பிள்ளை சாந்தியடையட்டும்” என்பார் வாமதேவன்.

“அவன் செத்ததை ஆர் கண்டது?” என்பாள்.

இன்று காலை அவர்கள் பூட்டைத் திறந்து உள்ளே போனபோது, கீழ்த்தட்டில் ஒரு மெழுகுதிரி அப்போதுதான் ஏற்றியதுபோல் எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில், மணலில், யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்: அம்மா.

அது மகனின் எழுத்து.

திலகவதி அந்தத் திரியைப் பிடுங்கி மேல்தட்டில் ஊன்றினாள்.

“நான் இன்னும் சாகேல்லையடா” என்று வெறும் கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். “நாளைக்கு மேலை ஏத்து.”