சூலம் போலொரு கத்தி

"குணவதிம்மா, இந்தக் கத்தியை என்ன செஞ்சீங்க?"

கனடாவின் மிசிசாகாவில் டொக்டர் மோகனசுந்தரத்தின் வீட்டைத் துப்புரவு செய்யும் குணவதி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். சுவர் நிறைய ஆப்பிரிக்க எறிகத்திகள் மாட்டியிருந்தன. ஒவ்வொன்றும் கிளை விட்டதுபோல மூன்று நான்கு அலகுகளோடு சிற்பமாக நின்றது. டொக்டரின் கையில் இருந்ததோ சூலம் போன்ற கரிய கத்தி. அதன் நடு அலகில் ஓரிடத்தில் கறுப்புக் கழன்று இரும்பு வெளுத்திருந்தது.

"பயத்தில செய்துபோட்டன், டொக்டர். அதுக்குக் கீழ நிண்டு கூட்டேக்க தலையில விழுந்திடுமெண்டு நடுக்கம். கோயில் சூலத்துக்குக் குத்துற மாதிரி வெள்ளிக்கிழமையில நுனியில ஒரு தேசிக்காய் குத்துவன். போகேக்க கழட்டிடுவன்."

"எலுமிச்சம்பழமா? எத்தனை நாளா?"

"மூண்டு மாசமா."

டொக்டர் கத்தியை விளக்கடியில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வேலை போய்விட்டது என்று குணவதிக்குத் தெரிந்தது. பொலிசைக் கூப்பிட்டால்? அகதி வழக்கு இன்னும் முடியவில்லையே.

"சாறு வழிஞ்ச இடத்தைப் பாருங்க."

கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். வெளுத்த இரும்பில் ஏதோ ஆலையின் முத்திரையும், கீழே 1991 என்ற எண்ணும் இருந்தன.

"இருநூறு வருஷப் பழசுன்னு சொல்லி வித்தான்" என்றார் டொக்டர்.

பிறகு குசினிக்குப் போய், குளிர்பெட்டியிலிருந்து ஒரு பை நிறையத் தேசிக்காயோடு வந்தார். சுவரில் இன்னும் பதினான்கு கத்திகள் இருந்தன. எல்லாம் அதே ஆளிடம் வாங்கியவை.

"இதுங்களுக்கும் குத்திடுங்கம்மா."