எந்த விளக்கும் எரியாத சுவிட்ச்

கெட்டிலின் ஒயர் பிடுங்கிப் போடப்பட்டிருந்தது.

டோஸ்டரின் ஒயரும். மைக்ரோவேவில் மணி காட்டும் பச்சை எழுத்துகூட இல்லை.

விடிகாலை இருட்டில் நின்றாள்.

படுக்கப் போகும் முன் அத்தை வீட்டைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் பிடுங்கியிருக்கிறார். ஈரோட்டில் கல்யாணமான நாளிலிருந்து செய்கிற காரியம். மருமகளைப் பார்க்கக் கனடாவில் சஸ்காட்டூன் வந்ததும் மறந்துவிடுமா?

வெளியே மைனஸ் முப்பத்தாறு.

திங்கட்கிழமையும் இதே குளிர்தான். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இன்டர்வியூ. அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி ஒருமுறை முனகியது. பிறகு அதுவும் இல்லை.

பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. போட்டால் வீட்டில் எந்த விளக்கும் எரியாது. வெளிச்சுவரில் இருக்கும் பிளக்குக்கு மட்டும் கரண்ட் போகும். வண்டியின் மூக்கிலிருந்து தொங்கும் ஒயரை அதில் செருகி வைத்தால், உள்ளே இருக்கும் ஹீட்டர் விடியும்வரை இன்ஜினை வெதுவெதுப்பாக வைத்திருக்கும்.

ஞாயிறு ராத்திரி அத்தை அதை அணைத்திருந்தார்.

"பெட்ரோல் வண்டிக்கு எதுக்கு அம்மணி கரண்டு?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அவளுக்குக் கத்தத் தெரியாது. கெமிஸ்ட்ரி தெரியும்.

"மார்கழியில தேங்கா எண்ணெ உறைஞ்சு போயிருமில்லீங்க அத்தை? பாட்டில அடுப்புப் பக்கத்துல வெப்பீங்கல்ல? வண்டிக்குள்ளயும் எண்ணெ இருக்குதுங்க. அதுக்கும் ஒரு அடுப்பு."

அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியின் வேகம் கொஞ்சம் குறைந்தது.

பரிசோதனைக் கூடத்தில் மறுபடியும் இன்று வரச் சொன்னார்கள். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். மூன்று வருஷம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவளுக்கு, மரியாதையாகச் சொன்னாலும் புரியும். இடம் ஊருக்கு வெளியே. பஸ் கிடையாது. கணவன் வடக்கே சுரங்க வேலையில்.

நேற்று சாயங்காலமே சுவிட்சைப் போட்டுவிட்டாள். பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டலாமா என்று நினைத்தாள்.

அத்தையின் மனசு நோகும். ஒட்டவில்லை.

இப்போது சுவரைத் தடவிக்கொண்டே பின்கதவுக்குப் போனாள்.

சுவிட்ச் மேல்நோக்கி நின்றது.

ஊரில் கீழே தட்டினால் எரியும். இங்கே மேலே. அவளுக்கே அது பழக ஒரு வருஷம் ஆனது.

செல்போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தாள்.

சுவிட்சுக்கு மேலே, வெள்ளைத் தகட்டில், ஒரு குங்குமப் பொட்டு.

வட்டம் பிசகாத பொட்டு. கீழே இல்லை. மேலே.

தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் ஒட்டியது.

வெளியே மூச்சு வெள்ளையாகத் தொங்கியது. ஒயரைப் பிடுங்கினாள். குளிரில் கம்பிபோல விறைத்திருந்தது, சுருட்ட வரவில்லை. வண்டியின் மூக்கிலேயே திணித்துவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். கையுறையைக் கழற்றினாள்.

கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

ஒரே திருப்பு.

எண்ணெய் இளகிய சத்தம்.

ஸ்டீயரிங்கில் சிவப்பாக ஒரு கறை. அவள் துடைக்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. ஜன்னல் கண்ணாடியில் பூத்திருந்த பனி உள்ளங்கை அகலத்துக்குத் துடைக்கப்பட்டிருந்தது.

வண்டி தெருமுனைக்குப் போகும்வரை அந்த விளக்கு எரிந்தது.

பிறகு அணைந்தது.