நெலிதாவின் கண்

"கண்ணா அது? கொள்ளி!"

கிரிசெல்டா கத்தியது தெருக்கோடிவரை கேட்டது. எங்கள் ஊர் குவாலெகுவாயில் மே மாதம் என்றால் குளிருக்கு முந்தின நடவுக் காலம்; எல்லாரும் தோட்டத்தில்தான் நிற்பார்கள். வேலியோரம் கூட்டம் சேர்ந்துவிட்டது.

நேற்றுக் காலை நிமிர்ந்து நின்ற நாற்பது காலிஃபிளவர் நாற்றும் இன்று மண்ணோடு படுத்துக் கிடந்தன.

"கண்ணு படக்கூடாதுன்னு சிவப்பு ரிப்பன்கூட கட்டியிருந்தேன். அதையும் மீறி விழுங்கிட்டாளே!"

அவள் திட்டியது பக்கத்து வீட்டு நெலிதாவை.

"நேத்து வேலிகிட்ட நின்னியா இல்லையா?"

"நின்னேன்."

"நாத்தைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"வயிறு எரிஞ்சுதா?"

நெலிதா கொஞ்சம் யோசித்தாள்.

"எரிஞ்சுதுக்கா. என் கண்ணுதான் பட்டிருக்கும்."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

கிரிசெல்டாவின் வயதான கணவர் அன்செல்மோகூட விடவில்லை. "வாயில்லாத செடிம்மா. அது உன்னை என்ன பண்ணுச்சு?" என்றார்.

உடனே தீர்ப்பு. குளிருக்கு முன்னால் எங்கள் தெருவில் நாற்றை ஆளுக்குக் கொஞ்சம் பகிர்ந்துகொள்வோம். இந்த வருஷம் நெலிதாவுக்குக் கிடையாது. யார் தோட்டத்திலும் அவள் கால் வைக்கக் கூடாது.

தனிக்கட்டை. குளிர்காலம் முழுக்க அவள் சட்டியில் வேகிற கீரையும் கோஸும் அந்த நாற்றிலிருந்து வருவதுதான்.

எனக்கு எரிச்சல். கண்ணாவது, மண்ணாவது! அவள் பின்னாலேயே போனேன்.

"கிறுக்கா உனக்கு? எப்படிச் செத்துதுன்னே தெரியாம எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"தெரியும்ண்ணே."

"என்ன தெரியும்?"

கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நேத்து மத்தியானம் அன்செல்மோ அண்ணன், மாத்தே டீ குடிக்கக் காய்ச்சின வெந்நீரை கெட்டிலோட தூக்கிட்டு வந்து அத்தனை நாத்துக்கும் ஊத்தினார். கொதிக்கக் கொதிக்க. 'குளிருதாடா கண்ணுங்களா'ன்னு கேட்டுக்கிட்டே."

"அடிப்பாவி! அதை அங்கயே சொல்றதுக்கென்ன?"

"சாயங்காலம் சொல்லத்தான் போனேன். பாத்தியோரம் மண்டி போட்டு அழுதுட்டிருந்தார். 'எவன் செஞ்சிருப்பான் நெலிதா?'ன்னு என்னைத்தான் கேட்டார்."